சுங்கை சிப்புட் தோட்ட மண்டபத்துப் பழைய கணினிகள்: லேசான லினக்ஸைச் சோதிப்பதும் நமக்கென்று கட்டுவதும்

ஆறாவதுமைல் எழுதியது:

வணக்கம். சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஒரு செம்பனைத் தோட்ட மண்டபத்தில் பிள்ளைகளுக்கான கணினி அறை தயாராகிறது. அலுவலகங்களில் கழித்துவிட்ட பெட்டிகள்தான் வந்திருக்கின்றன. மூன்று ரகம்.

முதல் ரகம் கோர் 2 டுவோ ஈ7500, ஜி41 மதர்போர்டு, 2 ஜிபி டிடிஆர்3, 320 ஜிபி வன்தட்டு. அடுத்தது பென்டியம் 4 நார்த்வுட், 1 ஜிபி டிடிஆர், ஐடிஇ வன்தட்டு. மூன்றாவது ஆட்டம் என்270 போட்ட 10 அங்குல நெட்புக்குகள், 1 ஜிபி.

நடக்க வேண்டிய வேலை: டெலிமாவில் (கல்வி அமைச்சின் கற்றல் தளம்) நுழைந்து கூகள் கிளாஸ்ரூம் பார்ப்பது, தமிழ்99 விசைப்பலகை முறையில் கட்டுரை தட்டச்சு செய்வது, அச்செடுப்பது. இணையம் கைப்பேசியிலிருந்து யுஎஸ்பி வழியாகத்தான் வரும். ஒவ்வொரு பெட்டியிலும் எழுத்துருவையும் விசைப்பலகையையும் கையால் போட்டுக்கொண்டிருக்க முடியாது. அதனால் டெபியன் லினக்ஸை அடியாக வைத்து, லைவ்-பில்ட் என்ற கருவி மூலம் சொந்தமாக ஓர் ஐஎஸ்ஓ (நிறுவும் வட்டுக் கோப்பு) கட்டலாம் என்று எண்ணம். ஆன்டிஎக்ஸ், பப்பி, லுபுண்டு என்ற மூன்று லேசான லினக்ஸ் விநியோகங்களையும் யுஎஸ்பியில் ஓட்டிப் பார்த்ததில், சும்மா நிற்கும்போது குறைவாக மெமரி எடுப்பது ஆன்டிஎக்ஸ்தான். அதையே பின்பற்றலாமா? எதை வைத்து முடிவு செய்வது?


பழையபெட்டி எழுதியது:

சும்மா நிற்கும்போது எடுக்கும் மெமரியை வைத்து முடிவு செய்யாதீர்கள். பிள்ளைகள் யாரும் வெறும் திரையைப் பார்த்துக்கொண்டு உட்காரப் போவதில்லை.

கணக்கைப் பாருங்கள். ஆன்டிஎக்ஸ் சும்மா நிற்கும்போது 200 எம்பி அளவில் இருக்கும். லுபுண்டுவின் எல்எக்ஸ்க்யூடி மேசை 400 எம்பி அளவில் இருக்கும். வித்தியாசம் 200 எம்பிதான். ஃபயர்ஃபாக்ஸில் கிளாஸ்ரூமும் கூகள் டாக்ஸும் ஒன்றாகத் திறந்தால் அதைப் போலப் பல மடங்கு போய்விடும். பெட்டியின் தலையெழுத்தை உலாவிதான் எழுதுகிறது. உங்கள் உழைப்பு போக வேண்டிய வரிசை: முதலில் மெமரி, பிறகு வன்தட்டை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி, பிறகு உலாவி அமைப்பு, பிறகு இசட்ரேம் (மெமரியைச் சுருக்கிப் பயன்படுத்தும் வசதி). எந்த விநியோகம் என்பது கடைசிக் கேள்வி.

சோதனையை இப்படி வையுங்கள். பெட்டியை முழுதாக அணைத்துத் திரும்பப் போடுங்கள். உலாவியில் கிளாஸ்ரூம் ஒரு தாவல், தமிழ்க் கட்டுரை உள்ள டாக்ஸ் ஒரு தாவல், பாட வீடியோ ஒரு தாவல். பக்கத்தில் கோப்பு மேலாளர் திறந்திருக்கட்டும். இப்போது டாக்ஸில் ஒரு பத்தி தமிழில் தட்டச்சு செய்யுங்கள். வேறொரு முனையத்தில் 'விஎம்ஸ்டாட் 1' ஓடிக்கொண்டிருக்க வேண்டும். அதில் 'எஸ்ஐ', 'எஸ்ஓ' என்ற இரண்டு நெடுவரிசைகள் ஸ்வாப்பிலிருந்து (மெமரி போதாதபோது தரவை ஒதுக்கி வைக்கும் இடம்) வருவதையும் அதற்குப் போவதையும் காட்டும். தாவல் மாற்றும்போது ஒரு கணம் எண் ஏறி மறுபடி 0 ஆனால் நல்லது. தட்டச்சு செய்யும்போது இரண்டும் விடாமல் ஓடினால் அந்தப் பெட்டி அந்த வேலைக்கு ஆகாது, எந்த விநியோகம் போட்டாலும் ஆகாது.

'ஃப்ரீ' கட்டளையில் பலர் 'ஃப்ரீ' நெடுவரிசையைப் பார்த்துப் பதறுவார்கள். பார்க்க வேண்டியது 'அவைலபிள்'. லினக்ஸ் மிச்ச மெமரியைக் கோப்புத் தேக்கத்துக்கு எடுத்துக்கொள்ளும், கேட்டால் திருப்பித் தரும்.

இந்தச் சோதனையை ஒரே பெட்டியில், ஒரே தட்டில், நிறுவிய நிலையில் செய்யுங்கள். யுஎஸ்பியில் ஓட்டிப் பார்த்து ஒப்பிடுவதில் அர்த்தமில்லை. லைவ் முறையில் நீங்கள் எழுதுவதெல்லாம் மெமரியில்தான் போய் உட்காரும். பப்பி தன்னையே முழுதாக மெமரிக்கு ஏற்றிக்கொண்டு ஓடுவது. அதை ஆன்டிஎக்ஸ் பக்கத்தில் வைத்து எண்ணைப் பார்த்தால் கணக்கு தப்பாகத்தான் வரும்.


கோலகங்சார்_வயர் எழுதியது:

மென்பொருளுக்குப் போகுமுன் பெட்டியைத் திறந்து பாருங்கள். கெட்ட வன்பொருளில் சோதித்தால் கிடைக்கும் பிழைகளை விநியோகத்தின் தலையில் கட்டிவிடுவீர்கள்.

மூடியைக் கழற்றியதும் ப்ராசசரைச் சுற்றி நிற்கும் கெப்பாசிட்டர்களின் தலையைப் பாருங்கள். தட்டையாக இருக்க வேண்டும். மேலே உள்ள கீறல் கோட்டில் லேசாக உப்பியிருந்தாலோ, பழுப்பு நிறத்தில் கசிந்து காய்ந்திருந்தாலோ, அடி ரப்பர் ஒரு பக்கம் தூக்கி நின்றாலோ அந்தப் போர்டை ஒதுக்குங்கள். 2000-களின் முதல் பாதியில் வந்த போர்டுகளில் இது பரவலான நோய். உங்கள் பென்டியம் 4 அந்தக் காலத்தது. அறிகுறி: குளிர்ந்த நிலையில் இரண்டு மூன்று முறை பொத்தானை அழுத்தினால்தான் எழும், வேலை ஏறினால் திடீரென்று மறுதொடக்கம் ஆகும்.

மெமரிக் குச்சியைக் கழற்றித் தங்க முனைகளை வெள்ளை அழிப்பானால் தேய்த்து, தூளை ஊதாமல் தூரிகையால் தட்டிவிட்டுத் திரும்பப் பொருத்துங்கள். ஊதினால் எச்சில் ஈரம் போய் ஒட்டும். நம் ஊர் ஈரக்காற்றில் முனைகள் மங்கி 'பீப் பீப்' என்று கத்தும் பெட்டிகளில் பல இதோடு சரியாகிவிடும். பிறகு மெம்டெஸ்ட்86+ ஓட்டி முழுச்சுற்று ஒன்றாவது முடிக்கட்டும். ஒரே ஒரு சிவப்பு வரி வந்தாலும் அந்தக் குச்சி வேண்டாம்.

வன்தட்டுக்கு 'ஸ்மார்ட்' விவரம் (தட்டு தன் உடல்நிலையைத் தானே பதிந்துவைப்பது) பாருங்கள். 5, 197, 198 ஆகிய மூன்று வரிகளின் கடைசி எண் 0 ஆக இருக்க வேண்டும். 197-இல் எண் இருந்தால் படிக்க முடியாத இடங்கள் காத்திருக்கின்றன என்று பொருள், பிள்ளைகளின் வேலையை அதில் வைக்காதீர்கள். 199 மட்டும் ஏறியிருந்தால் தட்டில் குற்றமில்லை, சாட்டா வயரை மாற்றுங்கள்.

சிஆர்2032 பேட்டரியை எல்லாப் பெட்டியிலும் யோசிக்காமல் மாற்றிவிடுங்கள். அது செத்திருந்தால் கடிகாரம் பழைய தேதிக்குப் போய்விடும். அப்புறம் உலாவியில் எல்லா எச்டிடிபிஎஸ் தளமும் சான்றிதழ் பிழை காட்டும், பொதிகளை (மென்பொருள் மூட்டைகளை) இறக்கும் ஆப்ட் 'களஞ்சியக் கோப்பு இன்னும் செல்லுபடியாகவில்லை' என்று மறுக்கும். பார்ப்பவர் இணையம் கெட்டுவிட்டது என்பார். ஐஎஸ்ஓவில் 'ஃபேக்-எச்டபிள்யூகிளாக்' பொதியையும் சேர்த்துவிடுங்கள். பேட்டரி போனாலும் கடைசியாக அணைத்த நேரத்திலிருந்தாவது கடிகாரம் தொடங்கும்.

மாலை இடி மின்னல் பற்றியும் சொல்ல வேண்டும். பிளக்கை மட்டும் பிடுங்கினால் போதாது, நெட்வொர்க் வயரையும் பிடுங்க வேண்டும். வயர் வழியாக வந்து லேன் சிப்பை மட்டும் எரித்துவிட்டுப் போகும். சர்ஜ் ப்ரொடெக்டர் வேலை செய்ய எர்த் ஒழுங்காக இருக்க வேண்டும். பழைய மண்டபங்களில் மூன்றாவது துளை வெறும் துளையாகவே இருக்கும். உரிமம் உள்ள வயர்மேனை வைத்துப் பார்த்துவிடுங்கள்.


ஆறாவதுமைல் எழுதியது:

நன்றி அண்ணே. ஜி41-இல் 4 ஜிபி குச்சி ஒன்று போட்டால் திரையே வரவில்லை. அதே குச்சி வேறொரு புதுப் பெட்டியில் வேலை செய்கிறது. போர்டு கோளாறா?


கோலகங்சார்_வயர் எழுதியது:

இல்லை தம்பி. குச்சியில் கறுப்புச் சிப்புகளை எண்ணுங்கள். ஒரு பக்கம் மட்டும் 8 இருந்தால் ஒவ்வொன்றும் 4 ஜிபிட். அந்தக் காலத்து இன்டெல் சிப்செட்டுக்கு அது தெரியாது. இரண்டு பக்கமும் சேர்த்து 16 சிப்பு உள்ள 4 ஜிபி குச்சி வாங்குங்கள், 2 ஜிபிட் வகை. லேபிளில் '2ஆர்எக்ஸ்8' என்று போட்டிருக்கும். கிடைக்காவிட்டால் 2 ஜிபி குச்சி இரண்டு போடுங்கள், அது பெரும்பாலும் தகராறு செய்யாது. 4 ஜிபி ஆகிவிட்டால் இந்த இழையில் பாதிக் கேள்விக்கு வேலையே இல்லை.

எஸ்எஸ்டி போடும்போது பயாஸில் ஏஹெச்சிஐ (புதிய சாட்டா முறை) என்று தேடி அலையாதீர்கள். ஜி41-உடன் வரும் சாதாரண ஐசிஎச்7 சிப்பில் அது கிடையாது. ஐடிஇ முறையிலேயே விடுங்கள். வேகம் சாட்டா 2 அளவுக்குத்தான், ஆனாலும் வன்தட்டோடு ஒப்பிட்டால் பெட்டி புதுப்பிறவி எடுத்த மாதிரி ஆகும்.


பழையபெட்டி எழுதியது:

இப்போது ரகம் பிரிப்போம்.

ப்ராசசர் விவரக் கோப்பில் கொடிகள் வரியைப் பாருங்கள். 'எல்எம்' இருந்தால் 64 பிட். ஈ7500-இல் இருக்கும், நார்த்வுட்டிலும் என்270-இலும் இருக்காது. மெமரி 2 ஜிபிதானே, 32 பிட்டே போடலாம் என்று நினைக்க வேண்டாம். 32 பிட்டின் கதவுகள் ஒவ்வொன்றாக மூடுகின்றன. கூகள் குரோம் லினக்ஸில் 32 பிட்டை 2016-இலேயே விட்டுவிட்டது. டெபியன் 13, 2025 ஆகஸ்டில் வந்தபோது 32 பிட் பெட்டிக்கான கெர்னலும் நிறுவியும் இல்லாமல் வந்தது. ஃபயர்ஃபாக்ஸ் 145 முதல் 32 பிட் லினக்ஸ் கிடையாது. 140 ஈஎஸ்ஆர் (நீண்டகால ஆதரவு) வரிசைக்கு மட்டும் 2026 செப்டம்பர் வரையாவது ஆதரவு உண்டு என்று மொசில்லா சொல்லியிருக்கிறது. டெபியன் 12-க்கு எல்டிஎஸ் (நீண்டகாலப் பாதுகாப்புப் புதுப்பிப்பு) 2028 ஜூன் வரை இருக்கிறது. ஆனால் உலாவி அதற்கு முன்பே கழன்றுவிடும்.

ஆகவே ஈ7500-க்கு 64 பிட் டெபியன், இணைய வேலை முழுதும் அதில். நெட்புக்குக்கு 32 பிட் டெபியன் 12 அல்லது ஆன்டிஎக்ஸ் 23. அதை இணையத்துக்கு விடாமல் தட்டச்சுக்கும் டக்ஸ் பெயின்ட் மாதிரி வரைதலுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். என்270-இன் சிப்செட் 2 ஜிபிக்கு மேல் ஏற்காது. அந்த 2 ஜிபியையாவது போட்டுவிடுங்கள்.

பென்டியம் 4-ஐ விட்டுவிடுங்கள் என்பது என் உறுதியான கருத்து. 3.0 கிகாஹெர்ட்ஸ் நார்த்வுட் 80 வாட்டுக்கு மேல் எடுக்கும். ஈ7500-க்கு 65 வாட், அதிலும் இரண்டு கோர். என்270-க்கு 2.5 வாட். மண்டபத்து மின்கட்டணத்தைக் கட்டுபவர்களை நினைத்துப் பாருங்கள். அதிலிருந்து பவர் வயர், விஜிஏ வயர், விசிறி எடுத்துக்கொண்டு மிச்சத்தை முறையாக மின்கழிவு சேகரிப்பில் கொடுங்கள்.


தமிழ்வகுப்பு எழுதியது:

கேட்கலாமா ஐயா? பிள்ளைகள் பள்ளியில் தமிழ்99 பழகியிருக்கிறார்கள். புள்ளி தானாக விழ வேண்டும். சில லினக்ஸில் 'தமிழ்99' என்று பெயர் இருக்கிறது, ஆனால் அடித்தால் எழுத்து சரியாகச் சேர்வதில்லை. ஏன்?


எழுத்துருப்பட்டறை எழுதியது:

டீச்சர், லினக்ஸில் அந்தப் பெயரில் இரண்டு வேறு வேறு பொருள் இருக்கிறது. சிக்கலே அங்கேதான்.

விசைப்பலகை அமைப்பில், மலாய், ஆங்கிலம் என்று தளக்கோலம் தேர்ந்தெடுக்கும் இடத்தில் கிடைப்பது எக்ஸ்கேபி வகை. ஒரு விசைக்கு ஓர் எழுத்துக்குறி எண், அவ்வளவுதான். முன்னால் என்ன அடித்தீர்கள் என்று அதற்குத் தெரியாது. 'தங்கம்' அடித்துப் பாருங்கள்: த, ங, க, ம, புள்ளி, ஐந்தே விசை. எக்ஸ்கேபியில் 'தஙகம்' என்று வரும். ங மேல் புள்ளி விழாது. அந்தப் புள்ளியைப் போடுவது எம்17என் என்ற உள்ளீட்டு நூலகம். ங-வுக்கு அடுத்து க வந்தால், ஒரே மெய் இரட்டித்தால், புள்ளி அதுவாக விழும் என்ற தமிழ்99 விதிகள் அதன் கோப்பில் எழுதப்பட்டிருக்கின்றன.

ஆகவே ஐஎஸ்ஓவில் ஐபஸ் என்ற உள்ளீட்டுச் சேவை, அதை எம்17என்னோடு இணைக்கும் ஐபஸ்-எம்17என், உள்ளீட்டு முறையைத் தேர்ந்தெடுக்கும் ஐஎம்-கான்ஃபிக் மூன்றும் வேண்டும். கூடவே ஐபஸ்-ஜிடிகே3 பொதியைப் பெயர் சொல்லிப் பட்டியலில் எழுதுங்கள். லேசாகக் கட்டுகிறோம் என்று பரிந்துரைப் பொதிகளை (கட்டாயமில்லாமல் கூடவே வருபவை) நிறுத்திவிட்டால் முதலில் உதிர்வது இதுதான். ஐபஸ் ஓடும், மூலையில் தமிழ்ச் சின்னம் தெரியும், ஃபயர்ஃபாக்ஸில் மட்டும் ஆங்கிலமே விழும்.

எழுத்துருவுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ், நோட்டோ செரிஃப் தமிழ், லோகித் தமிழ் போதும். நோட்டோ முழுத் தொகுப்பையும் இழுத்துவிட வேண்டாம், உலகத்து எழுத்தெல்லாம் வந்து இடத்தை அடைக்கும்.

சோதிக்க இந்தச் சொற்கள்: கொடுத்தான், நௌகா, க்ஷத்திரியர், ஸ்ரீ, தூது, ணை. 'கொ'-வில் கொம்பு க-வுக்கு முன்னால் நிற்க வேண்டும். பான்கோ என்ற நூலகம் வழியாக எழுத்தை வரையும் நிரல்களில் சரியாக வரும். ஓபன்பாக்ஸ் என்ற சாளர மேலாளர் வரையும் சாளரத் தலைப்பும் அந்த வகைதான். டில்லோ உலாவியிலும் எக்ஸ்டெர்ம் முனையத்திலும் கொம்பு இடம் மாறி உடைந்து நிற்கும். லேசான உலாவி என்று டில்லோவைப் பலர் சொல்வார்கள், தமிழ் படிக்க அது உதவாது.

'ஸ்ரீ'-யை இன்னொரு முறை பாருங்கள். ஸ-வில் தொடங்குவது ஒன்று, 2005-இல் யூனிகோடு 4.1-இல் சேர்ந்த ஶ-வில் தொடங்குவது ஒன்று. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே, தேடினால் ஒன்று கிடைக்கும், மற்றது கிடைக்காது. ஔகாரத்தில் பிள்ளைகள் கொம்பு போட்டு ள அடித்துவிடுவதும் இதே மாதிரி. கோப்பின் பெயரில் இது நுழைந்துவிட்டால் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். ஆகவே வகுப்பிலேயே சொல்லிவிடுங்கள் டீச்சர்.

மொழிச்சூழல் பற்றி ஒன்று. லினக்ஸின் அடிப்படை நூலகமான ஜிலிப்சியில் தமிழுக்கு இந்தியா, இலங்கை என்று இரண்டு சூழல்தான் உண்டு, மலேசியா இல்லை. மொழியைத் தமிழ்-இந்தியா என்று வைத்து, நாணயத்தையும் தொலைபேசி வடிவத்தையும் மலாய்-மலேசியாவுக்குத் திருப்பினால் ரிங்கிட் சரியாக வரும். ஆனால் இதை மேசைக்கு மட்டும் வையுங்கள். கணினி முழுவதற்கும் வைத்தால், திரை கெட்டுக் கறுப்பு முனையத்தில் விழும்போது பிழைச்செய்தி முழுதும் கட்டம் கட்டமாக வரும். அந்த முனையத்துக்குத் தமிழ் வரையத் தெரியாது. பிழையைப் படிக்க வேண்டிய நேரத்தில் படிக்க முடியாமல் போய்விடும்.


ஆறாவதுமைல் எழுதியது:

இதெல்லாம் வேறு எங்கும் ஒன்றாகக் கிடைக்கவில்லை. கட்டும் முறையை யாராவது வரிசையாகச் சொல்லுங்களேன். 64-க்கும் 32-க்கும் தனித்தனியாகப் பராமரிக்க வேண்டுமா?


பழையபெட்டி எழுதியது:

ஒரே பட்டியல், இரண்டு முறை கட்டு. 64 பிட் டெபியன் 12 ஓடும் ஏதாவது ஒரு நல்ல பெட்டியே இரண்டையும் கட்டும். 10 ஜிபிக்கு மேல் காலி இடம் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் வேலை, கட்டும் பெட்டியில் ஆப்ட்-கேச்சர்-என்ஜி நிறுவுங்கள். அது 3142 போர்ட்டில் காத்திருக்கும். லைவ்-பில்டுக்கு அதை ப்ராக்ஸியாகக் காட்டிவிட்டால், ஒருமுறை இறங்கிய பொதி மறுமுறை இணையத்துக்குப் போகாது. கைப்பேசி டேட்டாவில் கட்டுகிறவர்களுக்கு இது இல்லாவிட்டால் கையைக் கடிக்கும். பிறகு மண்டபத்துப் பெட்டிகளின் புதுப்பிப்பும் அதே வழியில் போகட்டும். களஞ்சிய முகவரிகள் எச்டிடிபி ஆக இருந்தால்தான் தேக்கும். பொதிகளுக்குக் கையொப்பச் சரிபார்ப்பு தனியாக இருப்பதால் இதில் பயமில்லை.

வெற்றுக் கோப்புறை ஒன்றில் லைவ்-பில்டின் 'எல்பி கான்ஃபிக்' கட்டளை கொடுங்கள். வெளியீடு புக்வோர்ம் (டெபியன் 12), கட்டமைப்பு ஏஎம்டி64 அல்லது ஐ386, களஞ்சியப் பகுதிகள் மெயின், கான்ட்ரிப், நான்-ஃப்ரீ, நான்-ஃப்ரீ-ஃபர்ம்வேர் நான்கும். பரிந்துரைப் பொதிகள் வேண்டாம் என்று வையுங்கள். நிறுவியாக டெபியனுடைய சொந்த நிறுவியை 'லைவ்' முறையில் சேருங்கள். கலமாரெஸ் என்ற வரைகலை நிறுவி பார்க்க அழகுதான், 1 ஜிபி நெட்புக்கில் அது மூச்சுத் திணறும்.

பொதிப் பட்டியல் கோப்பில் என் தேர்வு: எக்ஸ் சர்வர், லைட்டிஎம் (உள்நுழைவுத் திரை), ஓபன்பாக்ஸ், டின்ட்2 (பணிப்பட்டை), பிசிமான்எஃப்எம் (கோப்பு மேலாளர்), நெட்வொர்க்மேனேஜரும் அதன் ஆப்லெட்டும், ஃபயர்ஃபாக்ஸ்-ஈஎஸ்ஆர், லிப்ரேஆபிஸ் ரைட்டரும் கால்க்கும் அவற்றின் ஜிடிகே3 பகுதியும், சைனாப்டிக் (பொதி மேலாளர்), கப்ஸ் (அச்சுச் சேவை), இசட்ரேம்-டூல்ஸ், எர்லிஊம், மேலே சொன்ன தமிழ்ப் பொதிகள். நெட்புக் கட்டில் லிப்ரேஆபிஸுக்குப் பதில் அபிவேர்ட். டிஓசிஎக்ஸ் கோப்பில் அட்டவணை இருந்தால் அபிவேர்ட் குலைத்துவிடும், வெறும் கட்டுரைக்குச் சரிவரும்.

பரிந்துரைகளை நிறுத்தியதால் கையால் சேர்க்க வேண்டியவை உண்டு. ஜிவிஎஃப்எஸ் இல்லாவிட்டால் பென்டிரைவ் சொருகினாலும் கோப்பு மேலாளரில் தெரியாது. எல்எக்ஸ்போல்கிட் இல்லாவிட்டால், கடவுச்சொல் கேட்க வேண்டிய இடத்தில் எதுவுமே கேட்காமல் 'அனுமதி இல்லை' என்று முடித்துவிடும். ஒலிக்கான கட்டுப்பாட்டுப் பலகையும் இப்படித்தான் காணாமல் போகும்.

உங்கள் அமைப்புக் கோப்புகள் 'இன்க்ளூட்ஸ்' கோப்புறைக்குள் போகட்டும். 'ஸ்கெல்' கோப்புறையில் வைப்பது ஒவ்வொரு புதுப் பயனருக்கும் படியெடுக்கப்படும். ஓபன்பாக்ஸின் தொடக்கக் கோப்பில் ஐபஸ் தொடங்கும் வரி டின்ட்2-க்குப் பிறகு வரட்டும், முன்னால் வந்தால் சின்னம் உட்கார மூலை தயாராக இருக்காது. ஃபயர்ஃபாக்ஸை கொள்கைக் கோப்பு வழியாக அமையுங்கள். யூபிளாக் ஆரிஜின் தானாக நிறுவட்டும். விளம்பரமும் பின்தொடர் நிரலும் நின்றாலே ப்ராசசருக்குப் பாதிச் சுமை குறையும். அமர்வைச் சேமிக்கும் இடைவெளி இயல்பில் 15 வினாடி, அதை 2 நிமிடமாக்குங்கள். வீடியோவுக்கு எச்264இஃபை நீட்சி. இல்லாவிட்டால் யூடியூப் விபி9 அல்லது ஏவி1 அனுப்பும், அதை அவிழ்க்க ஈ7500 திணறும். எச்.264 என்றால் 480பி தாராளமாக ஓடும்.

இசட்ரேம்: 2 ஜிபி பெட்டிக்கு 50 சதவீதம். சுருக்கும் முறை கோர் 2-இல் இசட்எஸ்டிடி, ஆட்டத்தில் எல்இசட்4. இசட்எஸ்டிடி கூடுதலாகச் சுருக்கும், ஆனால் ஆட்டத்துக்கு அந்தக் கணக்கு பாரம். ஸ்வாப்பினஸ் (ஸ்வாப்பை நாடும் அளவு) 100 வையுங்கள், பேஜ்-கிளஸ்டர் 0 வையுங்கள். இயல்பான 3 என்றால் ஒரு பக்கம் கேட்கும்போது சேர்த்து 8 பக்கம் இழுக்கும். சுழலும் தட்டுக்குச் செய்த ஏற்பாடு அது, மெமரிக்குள் இருக்கும் ஸ்வாப்புக்கு வீண் வேலை. வன்தட்டில் தனி ஸ்வாப் வைக்காதீர்கள், இசட்ஸ்வாப்பையும் கூடவே போடாதீர்கள்.

எர்லிஊம் எதற்கு என்றால், மெமரியும் ஸ்வாப்பும் 10 சதவீதத்துக்குக் கீழே போனதும் அதிகம் தின்னும் செயலை மூடிவிடும். அது இல்லாவிட்டால் பெட்டி உறைந்து நிற்கும், பிள்ளை பவர் பொத்தானை அழுத்திப் பிடிக்கும், எழுதியது போகும். ஒரு தாவல் மூடுவது எவ்வளவோ மேல்.

எல்லாம் தயாரானதும் ரூட்டாக 'எல்பி பில்ட்'. பட்டியல் மாற்றிய பிறகு 'எல்பி க்ளீன்' செய்யாமல் மறுபடி கட்டினால் பழையது அப்படியே நிற்கும். என்ன மாற்றினாலும் தெரியவில்லையே என்று குழம்புபவர்களுக்கு இதுதான் காரணம்.


நெட்புக்_பிரியை எழுதியது:

ஐஎஸ்ஓவுக்குள் இருக்கும் ஸ்குவாஷ்எஃப்எஸ் கோப்பின் சுருக்கத்துக்கு எக்ஸ்இசட்டா, இசட்எஸ்டிடியா? எக்ஸ்இசட் கோப்பைச் சிறிதாக்குகிறது, ஆனால் நெட்புக்கில் லைவாக ஓட்டினால் ஒவ்வொரு நிரலும் திறக்க நேரம் எடுக்கிறது.

இன்னொன்று, பிராட்காம் பிசிஎம்4312 வைஃபை உள்ள நெட்புக்குகளில் வைஃபையே வரவில்லை.


பழையபெட்டி எழுதியது:

நிறுவத்தான் போகிறீர்கள் என்றால் எக்ஸ்இசட். ஒருமுறை அவிழ்த்துத் தட்டில் எழுதிவிடும், பிறகு அந்தச் சுருக்கத்துக்கும் வேகத்துக்கும் தொடர்பில்லை. பென்டிரைவிலிருந்தே நாளெல்லாம் ஓட்டுவதானால் இசட்எஸ்டிடி. எக்ஸ்இசட்டை அவிழ்க்க ஆட்டம் படும் பாடு யுஎஸ்பி 2.0-இன் மெதுவைவிடப் பெரிது.

பிசிஎம்4312-க்கு பி43 ஃபர்ம்வேர் (சிப்புக்குள் ஏற்றும் நிரல்) வேண்டும். டெபியனில் உள்ள 'இன்ஸ்டாலர்' பொதி ஃபர்ம்வேரைத் தன்னுள் வைத்திருக்கவில்லை, நிறுவும் நேரத்தில் இணையத்திலிருந்து இறக்குகிறது. வைஃபை வருவதற்கே இணையம் வேண்டும். கைப்பேசியை யுஎஸ்பி டெதரிங்கில் சொருகி அதை மட்டும் முடித்துவிடுங்கள், டெதரிங்குக்குத் தனி டிரைவர் தேவைப்படாது. கட்டும்போதே ஐஎஸ்ஓவுக்குள் வைத்துவிடலாம்தான். ஆனால் அந்த ஃபர்ம்வேரை மறுவிநியோகம் செய்ய உரிமை இல்லை. மண்டபத்துக்குள் வைத்துக்கொள்ளும் ஐஎஸ்ஓ வேறு, பொதுவில் ஏற்றும் ஐஎஸ்ஓ வேறு. ஆத்தெரோஸ் போட்ட நெட்புக்கில் இந்தத் தொல்லை கிடையாது.

பழைய 3ஜி டாங்கிள்களை யாராவது நன்கொடையாகத் தந்தால் வாங்க வேண்டாம். மலேசியாவில் 3ஜி 2021 கடைசியோடு நிறுத்தப்பட்டுவிட்டது.


செம்பனைக்காடு எழுதியது:

கெர்னல் வரியில் 'மிட்டிகேஷன்ஸ் ஆஃப்' (ப்ராசசர் ஓட்டைகளுக்கான பாதுகாப்பை நிறுத்துவது) போட்டால் பழைய பெட்டி வேகமாகும் என்கிறார்களே, ஐஎஸ்ஓவில் இயல்பாகவே வைத்துவிடலாமா?


பழையபெட்டி எழுதியது:

வேண்டாம். என்270-இல் அது ஒன்றும் செய்யாது. அந்த ஆட்டம் கட்டளைகளை வரிசை மாறாமல் செய்யும் வகை, மெல்ட்டவுன், ஸ்பெக்டர் என்ற ஓட்டைகள் அதைத் தொடுவதில்லை. கோர் 2-இல் வேகம் கொஞ்சம் கிடைக்கும் என்பது உண்மை. பிசிஐடி என்ற ப்ராசசர் வசதி இல்லாததால் அதில் பாதுகாப்பின் விலை புதுப் பெட்டிகளைவிட அதிகம். ஆனால் பிள்ளைகள் கண்ட பக்கத்தையும் திறக்கும், டெலிமா கடவுச்சொல் அடிக்கும் பெட்டி அது. அந்தக் கொஞ்ச வேகத்துக்காகப் பூட்டைக் கழற்ற வேண்டாம். எஸ்எஸ்டி போடுங்கள்.


நெட்புக்_பிரியை எழுதியது:

நெட்புக்கை இணையத்துக்கு விட வேண்டாம் என்றால் வெறும் தட்டச்சு மட்டும்தானா? நல்ல பெட்டி ஒன்றில் கிவிக்ஸ் (விக்கிப்பீடியாவை இணையமின்றிப் படிக்க உதவுவது) சர்வர் ஓட்டி, தமிழ் விக்கிப்பீடியா ஜிம் கோப்பை ஒருமுறை இறக்கி வைத்தால், நெட்புக்குகள் உள்வலையமைப்பிலேயே அதைப் படிக்கலாம். வெளி இணையம் தேவையில்லை. ஃபயர்ஃபாக்ஸ் பழையதானாலும் உள்ளே மட்டும் போவதால் ஆபத்து குறைவு. பக்கங்கள் எளியவை, 1 ஜிபியிலும் நகர்கின்றன. ரௌட்டரில் நெட்புக்குகளின் முகவரிக்கு வெளிவாசலை அடைத்துவிட்டால் போதும்.


பழையபெட்டி எழுதியது:

அருமையான யோசனை. கிவிக்ஸையும் ஆப்ட்-கேச்சரையும் ஒரே பெட்டியில் வையுங்கள். ஜிம் கோப்பைப் பிரதி எடுத்து இன்னொரு தட்டிலும் வையுங்கள். எல்டிஎஸ்பி வைத்து எல்லாப் பெட்டியையும் ஒரே சர்வரிலிருந்து எழுப்பலாம் என்றும் அடுத்து யாராவது கேட்பார்கள். முடியும், ஆனால் அந்த ஒரு சர்வர் படுத்தால் வகுப்பு முழுதும் படுக்கும். இடி விழும் ஊரில் தனித்தனியாக எழும் பெட்டிகளே மேல்.

சோதிக்க முன்வருபவர்களுக்கு: 'வேலை செய்யவில்லை' என்று மட்டும் எழுதாதீர்கள். வன்பொருள் விவரம் காட்டும் 'இன்ஸி'யை எஃப், எக்ஸ், இசட் கொடிகளோடு ஓட்டி வெளியீட்டை ஒட்டுங்கள், இசட் கொடி தனிப்பட்ட முகவரிகளை மறைத்துவிடும். 'டிமெசேஜ்' என்ற கெர்னல் பதிவையும் சேருங்கள். லைவ் முறையில் பதிவுகள் அணைத்ததும் போய்விடும், அணைக்குமுன் பென்டிரைவில் சேமியுங்கள். எந்த ஐஎஸ்ஓ, கட்டிய தேதி, எந்த வேலையின் நடுவில் நின்றது, திரும்பச் செய்தால் திரும்ப நிற்கிறதா, இவ்வளவும் வேண்டும். திரையே கறுத்துப்போனால் கெர்னல் வரியில் 'நோமோட்செட்' சேர்த்து எழுப்பிப் பாருங்கள். எழுந்தால் கிராஃபிக்ஸ் டிரைவர் பக்கம் தேட வேண்டும். அதையே நிரந்தரமாக விட்டுவிட்டால் முடுக்கம் இல்லாமல் எல்லாம் ப்ராசசர் தலையில் விழும்.

மின்தடை சோதனையும் செய்யுங்கள். ரைட்டரில் ஒரு கோப்பைச் சேமித்த உடனே பிளக்கைப் பிடுங்குங்கள். ஈஎக்ஸ்டி4 இயல்பில் 5 வினாடிக்கு ஒருமுறை தட்டில் பதியும். திரும்ப எழும்போது யாரும் விசை அழுத்தாமல் தானாகவே சரிபார்த்துக்கொண்டு உள்நுழைவுத் திரை வரை வர வேண்டும். நடுவில் நின்று கேள்வி கேட்டால், தெரிந்த ஆள் இல்லாத மாலையில் அந்தப் பெட்டி அப்படியே கிடக்கும்.


தமிழ்வகுப்பு எழுதியது:

அச்சுப்பொறி பற்றி ஒன்று ஐயா. எச்பி லேசர்ஜெட் 1020 இருக்கிறது. கப்ஸ் அதைக் காட்டுகிறது, வேலையும் அனுப்புகிறது, தாள் மட்டும் வருவதில்லை.


கோலகங்சார்_வயர் எழுதியது:

அந்த அச்சுப்பொறிக்குள் ஃபர்ம்வேர் நிரந்தரமாகத் தங்காது டீச்சர். ஒவ்வொரு முறை மின்சாரம் போட்டதும் கணினிதான் ஏற்ற வேண்டும். எச்பியின் எச்பிலிப் மென்பொருளை நிறுவி, அதன் ப்ளக்-இன்னை இணையம் இருக்கும்போது ஒருமுறை இறக்கிவிடுங்கள். பிறகு கணினி எழுந்து உள்நுழைந்த பின்னரே அச்சுப்பொறியின் பொத்தானைப் போடுங்கள். ஏற்றம் முடிந்தால் உள்ளே உருளை ஒருமுறை சுற்றும் சத்தம் கேட்கும். சத்தம் வராவிட்டால் யுஎஸ்பி வயரைக் கழற்றி, பெட்டியின் பின்பக்கத் துளையில் நேராகச் சொருகுங்கள், ஹப் வழியாக வேண்டாம்.